சாரின் காரில் ஏறிய சக்கை

என் மகள் எம்.ஏ. சேர்ந்தபோது, என்ன பாடம் என்று கேட்டவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எங்கள் வீட்டில் யாராலும் முடியவில்லை. வரலாறு உண்டு, பொருளாதாரம் உண்டு, சமூகவியல் உண்டு, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் இலக்கியமும் உண்டு. நடுவில் சுவர் வைக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பதுதான் படிப்பு.

"அப்பம் கடைசியில அவ என்னவாக்கும் ஆவா?" என்று அமரவிளை பஸ் ஸ்டாப்பில் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்.

"நல்லா கேள்வி கேப்பா" என்றேன்.

"அது இப்பமே கேக்குதாளே!" என்றார்.

உண்மையில் இந்தப் படிப்பு எனக்குப் புதிதல்ல. நான் பாறசாலையில் ஒரு பேரலல் காலேஜில் பாடம் எடுக்கிறேன். கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களும், கிடைத்துத் தோற்றவர்களும் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பரீட்சைக்குத் தயாராகும் இடம் அது. அரசியல் பாடம் எடுக்கத்தான் வந்தேன். பொருளாதார சார் கல்ஃபுக்குப் போனார். அவருடைய வகுப்பு எனக்கு வந்தது. வரலாற்று டீச்சர் பிரசவத்துக்குப் போனார், அதுவும் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் தொடங்கிப் பணவீக்கத்தில் வகுப்பை முடித்த நாட்கள் உண்டு. என்னிடம் படித்தவர்கள் இன்றும் அவை இரண்டையும் பிரித்தறியாமல் நிம்மதியாக வாழ்கிறார்கள். என் மகளுடைய பாடத்திட்டம் பல்கலைக்கழகம் யோசித்து உண்டாக்கியது. என்னுடையது ஆள் இல்லாததால் தானாக உண்டானது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாம் வருடம் அவள் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். மூன்று துறைகளிலிருந்து மூன்று ஆசிரியர்கள் தலைப்புக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் எடுத்த தலைப்பு எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகை ஏலம்.

எங்களுடையது பழைய மிஷன் சபை. வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வீடு ஏத்தங்குலை என்கிற நேந்திரன் வாழைத்தார், சேனை, மரச்சீனிக் கிழங்கு, கோழி என்று விளைந்ததைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் எல்லாம் ஏலத்துக்கு வரும். எங்கும் எழுதிவைக்காத ஒரு சட்டம் அதற்கு உண்டு. ஏலத்தில் எடுத்தவர் பொருளை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டு, அதைச் சபைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது மறுபடி ஏலம் போகும். எடுத்தவர் மறுபடி கொடுப்பார். எல்லோரும் களைத்த பிறகு கடைசியில் எடுப்பவர் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். முதல் சுற்றிலேயே கொண்டுபோனவரை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை.

வேண்டாத பொருளுக்காக மனிதர்கள் ஏன் இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்? இதுதான் என் மகளின் கேள்வி. திருவனந்தபுரத்தில், அவளுடைய பல்கலைக்கழகத்து வரலாற்று டீச்சருக்குப் பிடித்தது. சமூகவியல் சாருக்கு மிகவும் பிடித்தது. அங்கிருக்கும் பொருளாதார சார் மட்டும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அவர் வடகேரளத்திலிருந்து வந்தவர், பேச்சு முழுக்க மலையாளம். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். சுவை குறைந்தால் பழி என்னுடையது.

"வேண்டாத பொருளுக்கு விலை ஏற்றுகிற ஏலம் ஏலமே இல்லை. இது பக்தி. இதில் என் பாடத்துக்கு என்ன வேலை?"

அவர் கையெழுத்து இல்லையென்றால் தலைப்பு போயிற்று. ஏதாவது ஒரே துறைக்குள் போய், அங்கே கொடுக்கும் தலைப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அவள் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ஒத்தப் பாடம் படிக்கதுக்கா அப்பா நான் அங்க போனேன்?"

பிறகு அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். மூன்று பேரையும் பண்டிகைக்கு அழைத்தாள். நேரில் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாளாம். வருவதாக ஒப்புக்கொண்டார்கள். அடுத்து என்னிடம் வந்தாள்.

"அப்பா, நீங்க யாருக்கும் ஒண்ணும் வெளக்கப்படாது. ஏலத்துல கை தூக்கி விளிக்கவும் படாது."

"மூச்சு விடலாமா மக்கா?"

"மெள்ள விடுங்க."

பண்டிகையன்று மூன்று பேரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். பொருளாதார சாரின் கார். அவர் கையைக் கட்டிக்கொண்டு, சாட்சி சொல்ல வந்தவர்போல ஓரமாக நின்றார். ஏலம் நடத்துபவர் எங்கள் சபைச் செயலாளர். மரம் அறுக்கும் மில் வைத்திருப்பதால், மில் ஓடும்போது பேசிப் பழகிய குரல். ஏத்தங்குலை மூன்று கை மாறியது. கோழி நான்கு வீட்டுக்காரர்களுக்குச் சொந்தமாகி, மறுபடி சபைக்கே சொந்தமானது. இதையெல்லாம் சார் பார்த்தாரா என்றால், பார்க்கவில்லை. அந்த நேரம் முழுக்க சமூகவியல் சாரோடு இது ஏலமா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு பலாப்பழம் வந்தது. எங்கள் பேச்சில் சக்கை. வருக்கைச் சக்கை, முற்றம் முழுக்க மணம். குன்னத்துகால் பேக்கரிக்காரர் வழக்கம்போலத் தொடங்கினார். எதிரே ஆள் இல்லை. 'ஒரு தரம்' என்று செயலாளர் சொன்னபோது, ஓரத்திலிருந்து பொருளாதாரத் துறை கையைத் தூக்கியது.

பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு ஏற்றினார். சார் கட்டிய கையைக் கழற்றிவிட்டு ஏற்றினார்.

"எலே பேக்கரி, ஒறங்குதியா? திருவனந்தபுரத்துக்காரரு ஒன்ன விழுங்கிட்டாருடே!" என்றார் செயலாளர்.

"அவருக்க படிப்புக்கு நான் பயப்படுவனா?" என்று பேக்கரிக்காரர் இன்னும் ஏற்றினார். சார் இரண்டடி முன்னால் வந்தார். மூக்குக்கண்ணாடி நழுவியது. மூன்றாம் தரம் சொல்லி முடித்தபோது சக்கை அவருடையது. முற்றமே கை தட்டியது. சார் குழந்தையைத் தூக்குவதுபோல அதை இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, நேராகக் காருக்குப் போய், டிக்கியைத் திறந்து உள்ளே வைத்து மூடிவிட்டார்.

கைதட்டல் பாதியில் நின்றது.

"கொண்டுட்டுப் போயிட்டாருடே" என்றது ஒரு குரல்.

"வாங்கினவரு கொண்டு போவாரு, பின்ன?"

"அதுக்காக?"

விருந்தாளியிடம் யார் சொல்வது? செயலாளர் ஒரு சேனையைக் கையில் எடுத்தார். கண் மட்டும் காரிலேயே இருந்தது. எனக்கோ வாய் அரித்தது. மூன்று துறைகளிலும் சேர்த்து ஒரு பிரசங்கம் தயாராக இருந்தது. மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். விழுங்கிக்கொண்டேன். சார் அவமானப்பட்டுப் போனால் கையெழுத்தும் அவரோடு போகும். அவள் அவரிடம் போனாள். நான் ஆடு மேய்வதுபோல அந்தப் பக்கம் நகர்ந்தேன்.

"எல்லோரும் ஏன் என்னையே பார்க்கிறார்கள்?" என்றார் சார்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? சாருக்குச் சக்கை ரொம்ப இஷ்டமா?"

"எனக்கா? சுகர் உண்டு. வீட்டிலும் யாரும் தொடமாட்டார்கள்."

"பின்ன எதுக்கு சார் வாங்கினிய?"

சார் வாயைத் திறந்தார். "அந்த பேக்கரிக்காரர் பார்த்த பார்வை... விட்டுக்கொடுக்க மனசு..." வரலாற்று டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அப்போதுதான் மகள் சட்டத்தைச் சொன்னாள். சார் தன் காரையே, அது வேறு யாரோ நிறுத்தியதுபோலப் பார்த்தார்.

"இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா சார் அதுபடி நடந்திருப்பிய. இப்பம் சார் தானா விளிச்சிய இல்லியா?"

சமூகவியல் சார் "சபாஷ்" என்றார். பொருளாதார சார் சிரிக்கத் தொடங்கினார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டென்று அவருடைய துறைக்கே தெரிந்திருக்காது. டிக்கியைத் திறந்து, சட்டையில் பிசின் ஒட்ட, சக்கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு முற்றத்தின் நடுவே வந்து நின்றார். எழுந்த ஆரவாரத்தில் கோழி பயந்து கட்டறுத்துக்கொண்டு ஓடியது. அடுத்த சுற்றில் பேக்கரிக்காரர் எடுத்து, சாரைப் பார்த்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதற்கடுத்த சுற்றில் வரலாற்று டீச்சர் எடுத்தார். சமூகவியல் சாரும் ஆசைப்பட்டார், தோற்றார்.

கடைசியில் ஒரு கை உயர்ந்தது. என்னுடையது. எதிர்த்து ஒருவரும் ஏற்றவில்லை. சக்கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, முறைப்படி நான் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"சாரே, போதும்" என்றார் செயலாளர் என்னிடம். "இனி வச்சா இது ஒழுகும். வீட்டுக்குக் கொண்டு போவும்."

வீட்டில் மூன்று ஆசிரியர்களும் பிசினுக்காகக் கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு, சக்கையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இது காணிக்கையின் வரலாறு என்றார் டீச்சர். மரியாதைக்கான போட்டி என்றார் சமூகவியல் சார்.

"அங்கே விற்றது சக்கையே இல்லை" என்றார் பொருளாதார சார், ஒரே ஒரு சுளையை நாக்கில் வைத்தபடி.

"பின்ன என்ன சார்?" என்றாள் மகள்.

"அதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். தாளைக் கொண்டு வா."

கொண்டுவந்தாள். எண்ணெய்க் கையில் பேனா நிற்காமல் வழுக்கியது. ஒருவழியாகக் கையெழுத்து விழுந்தது, பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறையோடு. ஆய்வில் தன்னை 'வெளியூர்ப் பார்வையாளர் ஒருவர்' என்று மட்டும் எழுத வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை.

அவர்கள் போனதும் மகள் பேனாவோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"விளிக்கப்படாதுன்னு சொன்னேனே. நீங்க எதுக்கு அப்பா விளிச்சிய?"

கேள்விக்காகவே காத்திருந்தவன்போல நிமிர்ந்து உட்கார்ந்து, மிஷன் காலத்திலிருந்து தொடங்கினேன்.

"சுருக்கமா, அப்பா."

"எல்லாருமா சேந்து சத்தம் போட்டுட்டு இருந்தாவ மக்கா. எனக்கும் சேரணும்னு இருந்துது."

அதை மட்டும் எழுதிக்கொண்டாள்.