பாஸ்டர் வீட்டுக்குப் போன முதல் பாக்கெட்

கர்த்தருடைய பிள்ளைகளே, இந்தச் சாட்சியை இதற்கு முன் மூன்று சபைகளில் சொல்லியிருக்கிறேன். மூன்று இடத்திலும் கைதட்டினார்கள், அல்லேலூயா சொன்னார்கள். மூன்று இடத்திலும் நான் பாதியைத்தான் சொன்னேன். மீதிப் பாதியையும் சேர்த்து இன்றைக்கு எழுதுகிறேன். கைதட்டல் வேண்டாம்.

2002-ஆம் வருடம், பிப்ரவரி மாதம். நான் பத்தாம் வகுப்பு. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு ஆறு வாரம்கூட இல்லை. தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் வரிசையாக ஆப்சென்ட்.

“கிரேஸ், எழுபத்தஞ்சு பர்சென்ட் இருந்தாத்தான் ஹால் டிக்கெட். நீ அறுபதைக்கூடத் தாண்டல. நான் ஒண்ணும் பண்ண முடியாது, போ.”

அந்த வருடம் எழுதாவிட்டால் என் படிப்பு அதோடு சரி. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்த பெண்ணை மறுபடி பள்ளிக்கு அனுப்பும் நிலையில் எங்கள் வீடு இல்லை. அம்மாவோடு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போக வேண்டியதுதான். பள்ளிக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு இதைச் செய்தது யார் என்று யோசித்தேன். நானேதான்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பா இருபத்தாறு வருடம் சுரங்கத்தில் இறங்கினவர். சுரங்கம் மூடியபோது வேலை போயிற்று. நெஞ்சு அதற்கு முன்பே போயிருந்தது; பாறைத் தூள் நுரையீரலில் படிந்துவிட்டது என்றார் டாக்டர். பெங்களூர் வந்து ஸ்ரீராம்புரத்தில் ஒற்றை அறையில் குடியேறினோம். சுரங்கக் கணக்கு முடித்துக் கைக்கு வந்த பணத்தில் அப்பா ஒரு கிரைண்டர் வாங்கித் தந்தார். யோசனை என்னுடையது. எங்கள் சந்தில் பாதிப் பெண்கள் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவர்கள், மாவு அரைக்க யாருக்கும் நேரம் இல்லை. பள்ளி விட்டு வந்து அரைப்பேன். விடிந்ததும் பொங்கிய மாவைப் பாக்கெட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இரண்டே மாதத்தில் முப்பது வீடு சேர்ந்தது. பதினைந்து வயதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிறு பாஸ்டர் ஐயா முதற்பலனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஆராதனை முடிவில் பொருத்தனை பண்ணுகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். நான் எழுந்து நின்றேன். “தினமும் முதல் பாக்கெட் கர்த்தருக்கு. பாஸ்டர் ஐயா வீட்டில் அதைக் கொடுத்த பிறகுதான் மற்ற வீடுகளுக்கு” என்று சபைக்கு முன்னால் சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் என் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார்கள். அடுத்த உபவாசக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். அந்த ருசி மாவைவிடப் பெரியது.

பாஸ்டர் வீடு ராஜாஜிநகரில். போக அரை மணி, வர அரை மணி. திரும்பி வந்து முப்பது வீட்டுக்கும் கொடுத்து முடிப்பதற்குள் எட்டேகால் மணி அடித்துவிடும். கேட் பூட்டிவிடுவார்கள். முதல் பீரியடில் இல்லாதவளுக்குப் பாதி நாள் ஆப்சென்ட். வரிசையை மாற்றியிருந்தால், பாஸ்டர் வீட்டுக்குச் சாயங்காலம் போயிருந்தால், எல்லாம் சரியாக இருந்திருக்கும். பொருத்தனையை மாற்றினால் சாபம் வரும் என்று பயந்தேன். இப்படி ஒரு பயம் விசுவாசிகளுக்கு மட்டும்தான் வரும்.

இதுவரை சபைகளில் சொன்னது இது. இனி, நடுவில் சொல்லாமல் விட்டது.

பொருத்தனை பண்ணின அந்த ஏழு மாதமும் எங்கள் வீட்டில் ஒரு நாள்கூடத் தோசை சுடவில்லை. முதல் பாக்கெட் கர்த்தருக்கு, மற்றதெல்லாம் வியாபாரத்துக்கு. அப்பா ஒரு நாள் கேட்டார்.

“இன்னிக்காச்சும் ரெண்டு தோசை ஊத்தேம்மா. நாக்கு செத்துக் கெடக்குது.”

“அது விக்கிற மாவுப்பா. பழையது கீது, கரைச்சிக் குடி” என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை.

டிசம்பர் வந்தது. பெங்களூர்க் குளிரில் மாவு பொங்கவில்லை. இரண்டு வீட்டில் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்பா போர்த்திக்கொண்டிருந்த கம்பளியை எடுத்து மாவுப் பாத்திரத்துக்குச் சுற்றினேன். மாவு நன்றாகப் பொங்கியது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அப்பா இருமினார். கர்த்தர் தொழிலை ஆசீர்வதித்தார் என்று அந்த ஞாயிறு சபையில் எழுந்து சொன்னேன்.

ஹால் டிக்கெட் இல்லை என்றதும் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். “ஆண்டவரே, உமக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததால்தானே இப்படி ஆயிற்று, நீரே பார்த்துக்கொள்ளும்” என்று ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்கிறேன், அது சண்டை. நான்காம் நாள் காலையில் பாக்கெட்டோடு போய் நின்றபோது பாஸ்டர் அம்மாவைப் பார்த்ததும் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர்கள் முகம் வெளுத்துப்போயிற்று.

“இதுக்காகவா தினமும் லேட்டு? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாங்க இருக்கறது ரெண்டு பேரு. ஐயாவுக்குச் சுகர், கோதுமைதான் சாப்பிடறார். தினம் ஒரு பாக்கெட் மாவை நான் என்னம்மா பண்ணுவேன்? வேணாம்னா உன் மனசு நோகும்னு எதிர்வீட்டுல குடுத்துட்டு இருக்கேன்.”

ஏழு மாதம். அப்பாவுக்கு இல்லை என்று சொன்ன மாவு. யாரோ எதிர்வீட்டுக்காரர் சாப்பிட்டிருக்கிறார். பாக்கெட்டை அங்கேயே தூக்கி எறிந்துவிடலாம் என்று வந்தது. பாஸ்டர் அம்மா என் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்து அந்த எதிர்வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கே இருந்தது ஒரு கன்னடத்து அம்மா. கல்வித்துறை அலுவலகத்தில் கிளார்க். எனக்கு அது தெரியாது, என்னை ஆட்டிவைத்த கர்த்தருக்குத் தெரியும்.

“ஓ, இந்த ஹுடுகி, இந்தப் பொண்ணா? இவ மாவுதான் எங்க வீட்ல தினம் டிபன். சென்னாகிதெ, ரொம்ப நல்லா இருக்கு” என்றார். கதையைக் கேட்டார். “அழாதே. குறைஞ்ச அட்டெண்டன்ஸை மன்னிக்கச் சொல்லி அர்ஜி கொடுக்கலாம். ஆனா காரணம் வேணும். வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“அப்பாவுக்கு” என்றேன்.

“டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்குமில்ல? அது போதும். அப்பாவைப் பார்த்துக்கிட்டேன், அதனால வர முடியலன்னு எழுதலாம். நாளைக்குள்ள உன் ஹெச்.எம். கையெழுத்தோட ஆபீசுக்கு வரணும்.”

கன்னடத்தில் அவரே எழுதித் தந்தார். அப்பா கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லச் சொன்னார் அப்பா. சொன்னேன். ‘நோயாளியான என்னை என் மகள் கிரேஸ் இரவும் பகலும் அருகிலிருந்து கவனித்துக்கொண்டாள். அதனால் அவளால் பள்ளிக்குச் செல்ல முடியவில்லை.’ அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கேக்கறதுக்கே நல்லாக் கீதும்மா. இன்னொரு தரம் படி” என்றார்.

இன்னொரு தரம் படித்தேன். கையெழுத்துப் போட்டார்.

ஹால் டிக்கெட் வந்தது. ஆம், கர்த்தர் செய்தார். அந்த மூன்று சபைகளிலும் நான் சாட்சியை முடித்த இடம் இதுதான். எந்த நோயாளியை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லையோ, அவருடைய நோயைச் சொல்லித்தான் என் ஜெபத்துக்குப் பதில் வாங்கினேன். பொய்யில் வாங்கினேன். அதை எந்தச் சபையிலும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு விற்க வைத்திருந்த மாவில் அப்பாவுக்குத் தோசை ஊற்றினேன். ஒன்றரைதான் சாப்பிட முடிந்தது.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றார்.

முப்பது வீட்டில் ஒருவரும் இதைச் சொன்னதில்லை. நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. கம்பளியை உதறி அவருக்குப் போர்த்திவிட்டேன். அதில் புளித்த மாவு வாசம் போகவே இல்லை.

பரீட்சை முடியும்வரை கிரைண்டரைத் தொடவில்லை. இரண்டாம் வகுப்பில் பாஸானேன். மறுபடி அரைக்கத் தொடங்குவதற்குள் சந்தில் இன்னொரு வீட்டில் மாவு வியாபாரம் தொடங்கிவிட்டது; தொடங்கியவர், எனக்காக உபவாசக் கூட்டத்தில் கண்ணீரோடு ஜெபித்த சகோதரிகளில் ஒருவர். என் முப்பது வீட்டில் இருபத்திரண்டு அவரிடம் போய்விட்டன. அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் இன்னொரு பொய்யாகும். முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்றுக்காகக் கர்த்தரை முழு மனதோடு துதிக்கிறேன். அந்த அர்ஜிக்குப் பிறகு அப்பா பதினான்கு மாதம் உயிரோடு இருந்தார். இரவும் பகலும் அருகிலிருந்து கவனித்தேன். எழுதிக் கொடுத்த பொய்யை உண்மையாக்க எனக்கு நாள் கொடுத்தாரே, அதுதான் பதில். நான் கேட்டது ஹால் டிக்கெட். இதைக் கேட்க எனக்குப் புத்தி இல்லை, கேட்காமலே கொடுத்தார்.

பிரியமானவர்களே, நீங்களும் கேளுங்கள், அவர் தருவார், சந்தேகமே வேண்டாம். ஆனால் சபையில் எழுந்து பொருத்தனை பண்ணுவதற்கு முன்னால் வீட்டில் யாருக்கு நாக்கு செத்துக் கிடக்கிறது என்று ஒரு தரம் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

இப்போது பெங்களூரிலேயே அடுகோடியில் எனக்கு ஒரு சின்ன மாவுக்கடை இருக்கிறது. முதல் கரண்டி மாவு இன்றைக்கும் கர்த்தருக்குத்தான். அதை வீட்டுத் தோசைக்கல்லில் ஊற்றி அம்மாவுக்குக் கொடுக்கிறேன். உப்பு சரியா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் கடையைத் திறக்கிறேன்.