தலைவர் வரும்வரை விதைக்காதே

என் வீட்டுக்காரர் ஒரு சங்கத்தில் ஆயுள் உறுப்பினர். விவசாயிகளுக்கு விவசாயம் சொல்லிக்கொடுப்பவர்களின் சங்கம் அது. விரிவாக்கக் கல்வியாளர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். வேளாண்மைத் துறையில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்ற பேராசிரியர்கள், எதிலிருந்து ஓய்வு பெற்றார்கள் என்றே தெரியாத சிலர், எல்லாரும் அதில் உண்டு. எங்கள் மாவட்டக் கிளைக்கு இவர்தான் செயலாளராக இருந்தார். எனக்குப் போட்டது மூன்று முடிச்சுத்தான். சங்கத்துக்கு ஆயுளையே எழுதிக்கொடுத்திருந்தார்.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குள் வந்தால் சங்கத்தின் வரலாற்றையே பார்த்துவிடலாம். ஒவ்வொரு மாநாட்டுக்கும் ஒரு சணல் பை கொடுப்பார்கள். 'வறண்ட நில வேளாண்மையில் புதிய சிந்தனைகள்' பையில் வெங்காயம் இருக்கிறது. 'உழவரோடு உரையாடல்' பையில் புளி. போர்த்திய பொன்னாடைகளையெல்லாம் டிவிக்கும் மிக்ஸிக்கும் போர்த்திவிட்டேன். கேடயங்கள் மட்டும் எதற்கும் ஆகவில்லை. கனமாக இருந்த ஒன்றைக் கொல்லைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்து வைத்தேன். அதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

புதிதாக ஒன்றை ஒரு மனிதன் ஏற்றுக்கொள்ள ஐந்து படிகளைக் கடக்க வேண்டும் என்பது இவர்கள் பாடம். முதலில் கேள்விப்படுவது, பிறகு ஆர்வம், பிறகு மதிப்பீடு, பிறகு செய்து பார்ப்பது, கடைசியில்தான் ஏற்பு. துணி துவைக்கிற மெஷின் வாங்கித் தாருங்கள் என்று நான் கேட்டு வருடக்கணக்காகிறது. இவர் இன்னும் மதிப்பீட்டுப் படியிலேயே நிற்கிறார்.

குடும்பத்தோடு வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தியதால் ஒரு தடவை ஆண்டுவிழாவுக்குப் போனேன். ஆளை விடுங்க சாமி! வந்தவர்கள் எல்லாரும் பேசியே பழகியவர்கள். கேட்டுப் பழகிய ஒரு ஆள்கூட அந்த மண்டபத்தில் இல்லை. 'கேட்கும் திறனை வளர்ப்பது எப்படி' என்று ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், முன்வரிசையே செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிறது. பேச்சை முடிக்கச் சொல்லி அவருக்குத் துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். அதை வாங்கிப் படித்துப் பார்த்து, அதைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சங்கம் என் நிலத்துக்குள் வந்து இறங்கியபோதுதான் சிரிப்பு போனது.

பரளச்சிக்குப் பக்கத்தில் அப்பா எனக்கென்று எழுதிவைத்த கரிசல் நிலம் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டி அண்ணனின் நிலம். ரொம்ப வருடமாக என்னுடையதைக் குத்தகைக்குத்தான் விட்டிருந்தேன். குத்தகைக்காரர் முடியாது என்று விட்டுவிட்டுப் போன சமயத்தில் சோலார் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். இரண்டு நிலத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வாங்குவார்களாம். அண்ணன் பத்திரத்தையே தயார் பண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏத்தா, அந்த மண்ணுல என்னத்தக் கண்ட? டவுனுல ஃபேனுக்கு அடியில ஒக்காந்துக்கிட்டு நீ எங்க வெள்ளாமை செய்யப்போற?" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இந்த வருசம் நானே குதிரைவாலி போடுறேன். வெளையலன்னா நானே வந்து கையெழுத்துப் போடுறேன், போங்க" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டே பத்திரத்தைப் பைக்குள் வைத்தார். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. அப்பா எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான்.

நான் விவசாயம் செய்யப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு ஒத்தாசை செய்யத்தான் இவ்வளவு சந்தோஷம் என்று நினைத்தேன். அது அப்படியில்லை. அந்த வருடம் மாநிலத் தலைவர் எங்கள் கிளைக்கு வருவதாக இருந்தது. அவருக்குக் காட்ட ஒரு செயல்விளக்கத் திடல் வேண்டும். சொந்த வீட்டிலேயே நிலம் கிடைத்தால் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டாமே. அந்தச் செயல்விளக்கத்துக்குத் தலைப்பும் வைத்துவிட்டார்கள்: 'மழை பெய்ததும் விதைப்போம்'.

கரிசல் காட்டில் மழை பெய்த உடனே இறங்க முடியாது, மண் காலோடு வந்துவிடும். ஒன்றிரண்டு வெயில் அடித்ததும் பதம் வரும். அந்தப் பதத்தில் விதை உள்ளே போய்விட வேண்டும். தவறவிட்டால் மேல்மண் காய்ந்து வெடித்துவிடும், விதை முளைக்காமல் அடுத்த மழைக்குத் தவம் கிடக்கும். இதை எனக்குச் சொல்லித் தந்தவரே என் வீட்டுக்காரர்தான். திருச்சுழி வட்டாரம் முழுக்க மைக் பிடித்து அவர் சொல்வதும் இதைத்தான்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நல்ல மழை கொட்டியது. புதன்கிழமை போய் மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தேன்.

"ஏங்க, பதம் வந்துருச்சு. காலைல ட்ராக்டர் வரச் சொல்லவா?"

"நாலு நாள் பொறு. ஞாயித்துக்கெழமைதான் தலைவர் வாராக. அவுக கையாலதான் விதைப்பத் தொடங்கணும்."

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் ஈரம் நிக்குமா?"

"நிக்காது" என்றார். பொய் சொல்லமாட்டார், பாவம். "அதத்தான் விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்லப்போறோம். மழை பெஞ்சதும் விதைக்கணும்னு."

"அத எப்பச் சொல்வீக?"

"ஞாயித்துக்கெழமை."

முகத்தில் ஒரு சிரிப்பு, ஒரு சந்தேகம், ஒன்றும் இல்லை. அழைப்பிதழ் அடித்தாயிற்று, பந்தலுக்குச் சொல்லியாயிற்று, தலைவருக்கு மதுரையில் ரூம் போட்டாயிற்று என்று அடுக்கினார். எல்லாருக்கும் சொல்லியிருந்தார். மழைக்கு மட்டும் அழைப்பிதழ் போகவில்லை.

நான் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. வியாழக்கிழமை விடியவும் எம்.ரெட்டியபட்டியிலிருந்து விதைக்கும் கருவி மாட்டிய டிராக்டரை வரவழைத்து இறக்கிவிட்டேன். நிலம் முக்கால்வாசி முடிந்திருக்கும்போது இவர் பைக்கில் மூச்சிரைக்க வந்து டிராக்டருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, சார் நிக்கிறாரு. ஏத்தவா, நிப்பாட்டவா?" என்று கேட்டான் டிராக்டர்காரன்.

"ரோட்டோரமா ஒரு துண்டாவது விட்டு வையி. தலைவர் வந்து எதுல விதைப்பாக? நான் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைக்க?" என்று கெஞ்சினார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. எத்தனையோ பேருடைய காலைப் பிடித்து வாங்கிய செயலாளர் பதவி அது. அந்தக் கிளைக்கு மாநில விருது வாங்கித் தரவேண்டும் என்பது அவர் கனவு. பார்க்கப் பாவமாக இருந்தது. ரோட்டோரத் துண்டை விட்டுக்கொடுத்துவிட்டு மிச்சத்தை விதைத்து முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பந்தல், நாற்காலி, ஜெனரேட்டர், வடை, காபி. நிலத்துக்குள் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள், கரிசல் மண் தலைவரின் ஷூவில் ஒட்டிவிடக் கூடாது என்று. ஒட்டுவதற்கு ஈரம் எங்கே இருந்தது? காலையில் தொடங்கிய கூட்டத்தில் வரவேற்புரை, முன்னிலை உரை, நோக்கவுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து தலைவர் மைக்கைப் பிடிக்கும்போது உச்சி வெயில். விவசாயிகளின் தாமதத்தால் நாட்டுக்கு எவ்வளவு இழப்பு என்று தாமதமாகப் பேசத் தொடங்கி, தாமதமாகவே முடித்தார்.

டிராக்டர் ஒரு பக்கம் சும்மா நின்றது. தலைவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பிறகு, விதையைக் கையால் போட்டால்தான் போட்டோவில் தெரியும் என்று யாரோ சொல்ல, ஆளுக்கு ஒரு கை அள்ளினார்கள். கேமரா நின்ற இடத்திலேயே எல்லாரும் வந்து போட்டார்கள். சரியாக விழவில்லை என்று போட்டோக்காரர் சொன்னதும், மறுபடி அதே இடத்தில் போட்டார்கள். கடைசியில் இரண்டு பலகைகளை நட்டார்கள். அவர்கள் துண்டில் 'சங்கச் செயல்விளக்கம்: உரிய காலத்தில் விதைப்பு'. என் பக்கம் 'ஒப்பீட்டுக்காக: விவசாயி முறை'. எனக்கு எரிச்சல் வந்தாலும், சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் பக்கம் அடுத்த வாரமே பச்சை காட்டியது. ஐப்பசியில் இன்னொரு மழையும் கிடைத்ததும் கிடுகிடுவென்று ஏறியது. நான் வாரத்தில் பாதி நாள் பஸ்ஸைப் பிடித்துப் போய் வரப்பில் நிற்பேன். சங்கத் துண்டில் அந்த இரண்டாவது மழைக்குப் பிறகுதான் முளையே வந்தது. கேமரா நின்ற இடத்தில் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு ஒரே அடைசல், மற்ற இடமெல்லாம் மொட்டை. போகிற வருகிற ஷேர் ஆட்டோக்காரர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மார்கழியில் கதிர் முற்றி நின்றது. விருதுக்கு மதிப்பீடு செய்ய தலைவர் தலைமையில் குழு வருவதாகச் சொன்னார் இவர். அன்றைக்கே அண்ணனையும் வரச்சொல்லிப் போன் போட்டேன். என் வெள்ளாமையை வந்து அவர் கண்ணால் பார்க்கட்டும் என்ற திமிர்தான்.

நான் போய்ச் சேரும்போது அண்ணன் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். தலைவர் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார், கையில் ஒரு குச்சியோடு. "இதோ நல்லா விளைஞ்சு நிக்குதே, இது எங்க சங்கத்தோட முறை. அங்க மொட்டையா இருக்கே, அது இந்தப் பக்கத்து விவசாயிங்க வழக்கமா செய்றது. தாமதமா விதைச்சிருக்காங்க பாருங்க."

பலகைகளைப் பார்த்தேன். இடம் மாறியிருந்தன. என் குதிரைவாலிக்கு நடுவில் 'சங்கச் செயல்விளக்கம்'. ரோட்டோர மொட்டையில் 'விவசாயி முறை'.

"ஆக, நீ போட்டது இம்புட்டுத்தானாத்தா?" என்றார் அண்ணன். கையில் அதே பத்திரப் பை.

"அண்ணே, அது நான் போட்டதில்ல! பலகைய மாத்தி வச்சிருக்காக!" கத்தினேன்.

"நீ கோவத்துல ஆயிரம் சொல்லுவ. மாப்ள படிச்ச மனுசன், சங்கத்துச் செயலாளர். அவுக சொல்லட்டும். மாப்ள, எது யாரு போட்டது?"

என் வீட்டுக்காரர் பேந்தப் பேந்த முழித்தார். முந்தின நாள் ராத்திரி சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டாரே, அது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடப்பாவி மனுசா, ஒரு விருதுக்காக என் நிலத்தையே தூக்கிக் கொடுக்கப் பார்த்தீரே! தலைவர் அவரைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். குழுவில் ஒருவர் கைதட்டுவதற்குத் தயாராக நின்றார்.

இவர் தொண்டையைச் செருமினார். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மதிப்பீட்டுக் குழு உறுப்பினர்களே, அன்பு மச்சான் அவர்களே..." போச்சு என்று நினைத்தேன். இவர் அண்ணன் கையிலிருந்த பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மேடைக் குரலை விட்டுவிட்டு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்:

"இந்தா நல்லா நிக்கிது பாருங்க, இது என் வீட்டுக்காரி போட்டது. அந்தா மொட்டையா கெடக்குறது நாம போட்டது. நேத்து வந்து பலகைய மாத்தி நட்டது நான்தான்."

கைதட்ட இருந்தவர் கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். "தம்பி, இதையெல்லாம் பொதுவுல பேசலாமா? செயற்குழுவுல வச்சுப் பேசியிருக்கலாமே" என்றார் தலைவர். குழு போய் வேனில் ஏறிக்கொண்டது. நான் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கோபமா, நிம்மதியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டும்தான்.

அண்ணன் ஒரு கதிரைக் கசக்கி வாயில் போட்டுக்கொண்டார். "ஒரு வருசம் வெளஞ்சாப் போதுமாத்தா? அடுத்த வருசமும் வெளைய வச்சுக் காட்டு. அது வரைக்கும் சோலார்க்காரன நான் பாத்துக்கிறேன்" என்றார். விட்டுக்கொடுக்கும்போதும் ஒரு முள்ளை வைத்துவிட்டுத்தான் போவார். ஆனாலும் அந்தப் பை திறக்காமலேயே போய்விட்டது.

உடல்நலக் காரணங்களால் செயலாளர் விலகிவிட்டார் என்று சங்கம் அறிவித்தது. நோயாளி அன்று காலையில் ஏழு இட்லி சாப்பிட்டார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் வாடிப்போய்த்தான் திரிந்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். விருது வேறு கிளைக்குப் போனது. ஆனால் சங்க இதழின் அட்டையில் என் குதிரைவாலிதான் வந்தது. 'சங்கச் செயல்விளக்கம்' பலகையோடு.

இந்த வருடம் புதுச் செயலாளர் எனக்கே போன் செய்தார். அதே தலைப்பில் அதே நிலத்தில் மறுபடி ஒரு செயல்விளக்கம் வைக்கலாமா, இடம் போட்டோவுக்கு நன்றாக இருக்கிறது என்றார். "தாராளமா வைங்க. ஆனா பதம் வந்த அன்னைக்கு, தலைவர் வந்தாலும் சரி வராட்டியும் சரி, ட்ராக்டர் எறங்கிரும்" என்றேன். செயற்குழுவில் வைத்துச் சொல்கிறேன் என்றார். அதற்கப்புறம் பேச்சில்லை.

முந்தாநாள் பரளச்சிப் பக்கம் நல்ல மழை. இன்று விடியக்காலையில் நான் எழுந்து வரும்போது, வாசலில் நின்று இவர் டிராக்டர்காரனோடு போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "செயற்குழு கெடக்கு. நீ வண்டிய எடுத்துக்கிட்டு வா."