சூரிய அடுப்போடு வெள்ளகோவில் வரை

பல்லடத்தில் நாங்கள் பேசியது யார் காதிலும் விழவில்லை. சுற்றிலும் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் வேனின் படியில் நின்று, விறகு தீர்ந்துபோகும், மண்ணெண்ணெய் தீர்ந்துபோகும், வெயில் மட்டும் தீராது என்று தொண்டை கிழியக் கத்தினார். தறிக்காரர்கள் டீ குடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. கோயம்புத்தூரிலிருந்து மூன்று பேர் கிளம்பியிருந்தோம். வேன், பம்புசெட் பட்டறை வைத்திருந்த நண்பருடையது, அவரே ஓட்டினார். பேசுவது பேராசிரியர். சமைப்பது நான். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். எங்களிடம் இரண்டு சூரிய அடுப்புகள் இருந்தன. அடுப்பு என்றாலும் பார்க்கப் பெட்டிதான். மேலே கண்ணாடி, உள்ளே கறுப்பு அடித்த பாத்திரங்கள். காலையில் அரிசியும் பருப்பும் வைத்தால் மத்தியானம் வெந்திருக்கும். கூட்டத்துக்கு ஆளுக்கொரு வாய் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவி, அடுத்த ஊர். வீட்டில் செய்யும் வேலையைத்தான் ரோட்டோரத்தில் செய்துகொண்டிருந்தேன். வெயிலில் நின்று வந்த தலைவலி விட்டபாடில்லை.

வெள்ளகோவிலைத் தாண்டி ஒரு சின்ன ஊர். பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பேராசிரியர் உற்சாகமாகப் பேசினார். நான் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"ஏனுங்க அம்மணி, உங்கூட்டுலயும் இதுலதான் சோறாக்கறீங்களா?"

வேறு நாளாக இருந்தால் சமாளித்திருப்பேன். அன்று முடியவில்லை.

"இல்லீங்க. நாங்க குடியிருக்கற ஊட்டுக்கு வெயிலே வராதுங்க. மண்ணெண்ணெய் ஸ்டவ்தான்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பேராசிரியரின் முகம் சுண்டிப்போயிற்று. என்னை வேனுக்குப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"என்னம்மா இப்படிச் சொல்லிப்போட்டீங்க? இவ்வளவு தூரம் வந்ததெல்லாம் வீணாப் போச்சே."

"கேட்டாங்க சார், சொன்னேனுங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பட்டறை நண்பர் குறுக்கே வந்து, "மொதல்ல சாப்பிடலாம் வாங்க சார்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

கூட்டம் கலைந்தது. ஆனால் கேள்வி கேட்ட பெண் போகவில்லை. பெட்டியைக் குனிந்து பார்த்தாள், கண்ணாடியைத் தொட்டுக் கையை உதறினாள்.

"எங்களுக்குச் சோத்துக்கு இது ஒத்து வராதுங்க. விடியறதுக்குள்ள ஆக்கிப்போடோணும். எருமைக்குத் தீனி வேகுமுங்களா? காலைல வெச்சுப்போட்டுக் காட்டு வேலைக்குப் போயிருவேன். சாயங்காலந்தான் வருவேன்."

"வேகுமுங்க" என்றேன். நிஜமாகவே வேகும். ஆனால் அதை நாங்கள் எந்த ஊரிலும் சொன்னதில்லை.

நான் போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்தார். அவளோடு போனோம். அவள் வீட்டில் எருமை கட்டும் தொண்டுப்பட்டியில் நாள் முழுக்க வெயில் விழும். காலையில் கிளம்பும்போதே பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று அவர் மெதுவாக, கத்தாமல் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பயணத்தில் அவர் நன்றாகப் பேசியது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஓர் அடுப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்து வால்பாறைக்குப் போவதாக இருந்தது. "மலைமேல மேகம்தான் இருக்கும், அங்க போயி என்னத்தக் காட்டறது?" என்றார் பட்டறை நண்பர். பேராசிரியர் வேனைக் கோயம்புத்தூருக்கே திருப்பச் சொன்னார். நான் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனேன்.

பின்னொரு சமயம் பட்டறை நண்பர் கிணற்றில் மோட்டார் இறக்க அந்தப் பக்கம் போய்வந்தார். பெட்டியின் கண்ணாடி விரிசல் விட்டிருந்ததாம். பிளாஸ்திரி ஒட்டி, அந்தப் பெண் அதில் எருமைக்குப் பருத்திக்கொட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாளாம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனாலும் மறுவருடம் பேராசிரியர் கூப்பிட்டபோது, லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன். லீவு இருந்தது.