வளர்ந்தாலும் உதவும்

கடையில் அந்தச் சிவப்புச் சைக்கிளின் சீற்றில் தூக்கி இருத்திய என் மகளின் கால்கள் நிலத்தில் முட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு அப்போது இரண்டரை வயது. பெடல் இல்லாமல், பிள்ளை காலால் உந்தி உந்தி ஓடுகிற அந்தச் சின்னச் சைக்கிளை இங்கே லாஃப்ராட் என்பார்கள். இரண்டு பாதமும் நிலத்தில் பதிந்தால்தான் சரியான அளவு என்று கடைக்காரப் பெண் பொறுமையாகச் சொன்னாள். நான் பெரியதையே பிடித்துக்கொண்டு நின்றேன். "வளர்ந்தாலும் உதவும்" என்றேன். சட்டை, சப்பாத்து, குளிர் ஜக்கெற் எல்லாவற்றையும் பெரிதாகவே வாங்கிப் பழகிய எங்கள் ஆட்களின் வாயில் இதைவிட நம்பக்கூடிய காரணம் வேறில்லை.

உண்மைக் காரணம் வேறு. லாஃப்ராட் ஓடிப் பழகிய பிள்ளை வெகு விரைவில் பெரிய சைக்கிளில் ஏறிவிடும் என்று அந்தப் பெண் முதலே சொல்லியிருந்தாள். கால் எட்டாத சைக்கிள் என்றால் அது தள்ளிப்போகும். பிள்ளை ஏறிவிட்டால் அப்பாவும் கூட ஓட வேண்டி வரும். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஓர் ஆம்பிளை இதை எந்த வாயால் சொல்வான்? அங்கே மீன்காரரும் வாத்தியாரும் சைக்கிளில்தான் போனார்கள். நானோ அப்பாவின் கரியரில் இருந்தபடியே ஒன்பது வயது வரை வளர்ந்து, ஜெர்மனியில் இந்தக் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து சேர்ந்தேன். இங்கே என்னிலும் சின்னப் பிள்ளைகள் பறந்து திரிய, அவர்கள் முன்னால் விழுந்தெழும்ப வெட்கப்பட்டே பெரியவனாகிவிட்டேன். மனைவியிடம்கூட, ஊரில் ஓடினது, இப்போது விருப்பமில்லை என்றுதான் சொல்லிவைத்திருந்தேன்.

அன்று என்னோடு வந்தவர் மாமி, மனைவியின் தாய். இளவயதில் தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ரியூட்டரி வகுப்புக்குச் சைக்கிளில் போனவர். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பிள்ளையை இறக்கிச் சின்ன நீலச் சைக்கிளில் இருத்தினார்.

"இதை எடுங்கோ தம்பி. பிள்ளைக்குத்தானே வாங்கிறம்."

கடைக்காரப் பெண் அப்பால் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு ஓடத் தெரியாது, என்ன?"

"ஓம் மாமி" என்றேன், தரையைப் பார்த்தபடி. பிடிபட்ட கள்ளனைப் போல் எனக்குக் காது சுட்டது.

"சரி, விடுங்கோ. வீட்டில ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

சொல்லவில்லை. மேலதிகமாக ஒரு பொய்யும் கட்டித் தந்தார். மகள் பெரிய சைக்கிளுக்கு மாறி, "அப்பாவும் வாங்கோ" என்று கேட்கத் தொடங்கியபோது, "அப்பாவுக்கு முழங்கால் ஏலாது பிள்ளை" என்றார். அதை நிலைநிறுத்த நான் நொண்டத் தொடங்கினேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் புளுகு வருஷக்கணக்கில் ஓடியது. மாமி போன குளிர்காலத்தில் காலமானார். நான் தனியே நொண்டிக்கொண்டிருக்கிறேன்.

கடந்த ஞாயிறு மகளோடு கால்வாய்க் கரைக்குப் போனேன். மற்றத் தகப்பன்மார் பிள்ளைகளோடு சைக்கிளில் கடந்து போனார்கள். அவளோ சைக்கிளில் கொஞ்சத் தூரம் ஓடுவதும், நொண்டி நடக்கும் நான் பின்தங்கிவிடாமல் திரும்பி வருவதுமாக இருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை எனக்காகத் தன் வேகத்தை அடக்குகிறதே என்று நினைக்க நெஞ்சு கூசியது. ஒரு தடவை திரும்பி வந்தவள் பிரேக் பிடித்து நின்று என் கால்களைப் பார்த்தாள்.

"அப்பா, போன கிழமை மற்றக் கால் அல்லோ நொந்தது?"

அவள் முன்னும் பின்னும் பார்த்தாள். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"பரவாயில்லை அப்பா" என்றாள் மெதுவாக. "நான் அம்மாக்குச் சொல்ல மாட்டன்."