போகித் தீயில் விலைப்பலகை

கருங்குழியில் போகிக் காலை. சாலையெல்லாம் புகை என்பதால் எங்கள் பேருந்து ஒரு டீக்கடையோரம் நிற்கிறது. நான் டீ சொன்ன கையோடு, கடைக்காரர் சுவரிலிருந்த விலைப்பலகையைக் கழற்றி, பழைய பாயோடு சேர்த்துத் தீயில் போடுகிறார்.

"வருசா வருசம் இதான் சார். டில்லில ஏத்துறாங்க, நான் கொளுத்துறேன்."

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருக்கும் ஆட்டோக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாத்துக்கும் டில்லியா? பாலு இன்னா டில்லிலர்ந்தா வருது?"

"கேஸு?"

ஆட்டோக்காரர் டீயை உறிஞ்சுகிறார்.

"புது விலை எவ்வளவு?" என்று கடைக்காரரைக் கேட்கிறேன்.

"பட்ஜெட் வரட்டும் சார். அப்பால எழுதிக்கலாம்."

"பழசு எரிஞ்சி போச்சு, புதுசு வர்ல. அப்போ இன்னிக்கு டீக்கு வெலையே கெடையாது அண்ணாத்த," என்று ஆட்டோக்காரர் தம்ளரை வைத்துவிட்டு எழுகிறார்.

கடைக்குள்ளிருந்து வந்த கடைக்காரரின் மனைவி இடுக்கியால் பலகையைத் தீயிலிருந்து இழுத்து, தண்ணீர் தெளித்து, மறுபடி ஆணியில் மாட்டுகிறார். விலைகளெல்லாம் கருகிவிட்டன. கடைசி வரி மட்டும் தெளிவாக இருக்கிறது: கடன் கேட்காதீர்.

ஆட்டோக்காரர் அதைப் படித்துவிட்டுச் சட்டைப்பையைத் துழாவுகிறார்.

"பழைய வெலதான?"