ஊர் வாசலிலேயே நின்ற சடையன்

சடையன் செத்துப் போய்விட்டான்.

காலையில் சலீம் போன் பண்ணினான். "சேகரு... நம்ம சடையன் பூட்டான்யா" என்றான். லைன் கட் ஆகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன், அவன் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருக்கிறான்.

வெள்ளிமலையில் சாமைக் கொல்லையைப் பார்க்கப் போனவன் வரப்பில் உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

அவசரமாக எழுதுகிறேன். டைப் பண்ணுவதில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படி நம்புவது? சனிக்கிழமைதான் பேசினான். ஆட்டத்தில்கூட ஒருமுறையும் சாகாத ஆள்...

எந்த ஆட்டம் என்று கேட்பீர்கள்.

எண்பதுகளின் கடைசி. நானும் அவனும் வெள்ளிமலையில் மலைவாழ் மக்கள் கூட்டுறவு சொசைட்டியில் வேலை பார்த்தோம். நான் மணலூர்பேட்டையிலிருந்து போன கிளார்க், அவன் மலைக்காரன், புளியும் கடுக்காயும் எடை போடுகிறவன். ஒரே வயசு. சலீம் கள்ளக்குறிச்சி பையன், எங்கள் சரக்குக்கு ஜீப் ஓட்டினான்.

எங்கள் சாதிக்காரர்கள் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடத்திய சமயம். கீழே ரோடு முழுக்க மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லோடு இல்லை. சலீமும் ஜீப்போடு மலை மேலேயே மாட்டிக்கொண்டான்.

அவன் ஜீப்பில் ஒரு பெட்டி இருந்தது. சிங்கப்பூரில் இருந்து அவன் அண்ணன் அனுப்பியது. உள்ளே ஒரு இங்கிலீஷ் புத்தகமும் விதவிதமான பகடைகளும். இருபது முகப் பகடையைக் கையில் உருட்டிப் பார்த்து, "இன்னாய்யா இது, நெல்லிக்கா மாதிரி கீது" என்றான் சடையன்.

அது ஒரு கற்பனை உலக ஆட்டம். கோட்டை, காடு, பூதம் எல்லாம் வரும். ஆளுக்கு ஒரு பாத்திரம். அந்த ஆள் என்ன செய்கிறான் என்று நாம் வாயால் சொல்ல வேண்டும், நடந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான். அதனால் ஆட்டத்தை நடத்துகிறவனும் நானே, ரூல் சொல்கிறவனும் நானே.

காட்டுக்குள் போனால் தினமும் சாப்பாடு தேடப் பகடை போட வேண்டும். சரியாக விழவில்லை என்றால் பட்டினி. மூன்று நாள் தண்ணீர் இல்லை என்றால் ஆள் காலி. சலீம் ஆறு முறை செத்தான். "இன்னா பாய், மறுபடியும் மவுத்தா?" என்று சடையன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

அவனை மட்டும் சாகடிக்கவே முடியாது. பட்டினி என்று சொன்னால் சண்டைக்கு வருவான்.

"இன்னா மாசம்னு சொல்லு மொதல்ல."

"ஆட்டத்துல மாசமெல்லாம் இல்லய்யா."

"மாசம் தெரியாம கவலைக்கிழங்கு கீதா இல்லியான்னு எப்டிய்யா சொல்றது? அங்க ஈச்சம்பொதரு கீதா? அப்ப நோண்டினா தண்ணி வரும். எவன்யா இந்த புக்கு எழுதினது, வூட்ட வுட்டு வெளியவே வராதவனா?"

பகடை என்ன சொன்னாலும் கடைசியில் நான்தான் தோற்பேன்.

இப்போது எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. சலீமிடம்கூட.

அந்தப் புத்தகத்தில் வாழ்க்கை நிலை என்று ஒரு பகுதி. பிச்சைக்காரன், ஏழை, நடுத்தரம், பணக்காரன், பிரபு. நம் ஆள் எங்கே தூங்குவான், என்ன சாப்பிடுவான், ஊருக்குள் யார் அவனை மதிப்பார்கள் எல்லாம் அதை வைத்துத்தான்.

முதல் நாளே சடையன் ஆசையாகக் கேட்டான். "என் ஆளு பிரபுவா இருக்கட்டும்யா. பட்டு வேட்டி, வெள்ளக் குதிர."

நான் பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி புரட்டிவிட்டு, "மலைக்காரனுக்கு ஏழைதான்யா. கோட்டைக்குள்ள வுட மாட்டாங்க. ரூலு" என்றேன்.

"ரூலுன்னா சரி" என்றான்.

அப்படி ஒரு ரூல் கிடையாது. அவரவர் நிலையை அவரவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் தெளிவாகப் போட்டிருந்தது.

யோசித்துச் சொன்ன பொய் என்றால்கூட மனசு ஆறும். யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்தது. வெட்கமாக இருக்கிறது.

சடையன் காடு முழுக்கக் கிழங்கு கொடுத்து, தண்ணீர் கொடுத்து சலீமின் ஆளைக் காப்பாற்றிக் கூட்டி வருவான். ஊர் வந்ததும் சலீமின் ஆள் சத்திரத்தில் கறிச்சோறு சாப்பிடுவான், இவன் ஆள் வாசலுக்கு வெளியே நிற்பான். "அவனையும் வுடுய்யா, ஆட்டந்தானே" என்று சலீம் எத்தனையோ தரம் கேட்டான்.

"ரூலு" என்பேன்.

அதே மாதங்களில்தான் லீவு நாளில் மலையிலிருந்து நடந்தே இறங்கிப் போய், மறியலில் உட்கார்ந்து, எங்கள் பங்கு எங்களுக்கு வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வருவேன். மறுநாள் மேலே வந்து புத்தகத்தைத் திறப்பேன். அவன் வெளியேதான் நிற்பான்.

அந்தப் பெட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போன சனிக்கிழமை போனில் கேட்டான். "பொட்டி பத்திரமா கீதா? மூணு பேரும் மறுபடி ஆடலாம்யா. இந்த வாட்டியாச்சும் என்ன உள்ள வுடு."

சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து, அவனே கேட்கும்போதாவது... நானும் சிரித்துக்கொண்டே, "ரூலு இன்னும் மாறலயேய்யா" என்றேன்.

"சரி வுடு. நான் ஒங்க குதிரயப் பாத்துக்கினு நிக்கறேன். நீங்க சாப்ட்டு வாங்க."

அதுதான் கடைசியாகப் பேசியது.

சலீம் கார் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறான். மலைக்குக் கிளம்புகிறோம். சாயங்காலம் எடுக்கிறார்களாம்.

சடையா... அந்த ரூல் புத்தகத்தில் இல்லைய்யா. நான் சொன்னது.

மன்னிச்சிடு. போய் வா.