தறிக்கூடத்துச் சைகை

சின்னக்கண்ணுவிடம் பேச வேண்டுமென்றால் எதிரே போய் நிற்க வேண்டும். முப்பது வருடம் மில்லில் தறி ஓட்டியதில் இரண்டு காதும் பாதிதான் மிச்சம். மில் மூடியபின் கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை. நாதஸ்வரக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்குகிற ஆள் இவர் ஒருத்தர்தான் என்று மனைவி குஞ்சம்மாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இருநூறு தறி ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதே கேட்காது. அதனால் தறிக்கூடத்தில் எல்லாப் பேச்சும் கையால்தான். அடுத்த தறியில் நின்ற தேவதாஸும் அவரும் அப்படியே எட்டு மணி நேரம் அரட்டை அடிப்பார்கள். மில் மூடுகிற நேரத்தில் ஆளுக்கொரு யூனியன் பக்கம் போனார்கள். வாய்ச்சண்டை முற்றியது. பதினொரு வருடமாகப் பேச்சு இல்லை. இத்தனைக்கும் உப்பளம் பகுதியில் ஒரே தெருவின் இரண்டு முனையில்தான் வீடு, நடுவில் ஒரு வாய்க்கால் பாலம். வாசலுக்கு வந்தால் தேவதாஸ் வீட்டு மாடிப் பக்கம் மட்டும் சின்னக்கண்ணுவின் தலை திரும்பாது. அவ்வளவு வீம்பு.

அப்புறம் ஃபெஞ்சல் புயல் வந்தது. வந்தது நகரவில்லை, ஊருக்கு மேலேயே உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை சின்னக்கண்ணு மாடியிலிருந்து பார்த்தால் தெருவைக் காணோம். இடுப்பளவு செந்தண்ணீர், இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பீரோ கதவு திறந்தபடி நிதானமாக மிதந்து போனது. அறுபது வருடம் கடலோரம் வாழ்ந்தவர்தான், ஆனாலும் அவரை அறியாமல் கை கூப்பிவிட்டார்.

தேவதாஸின் மனைவி ஆயம்மாவுக்கு முந்தின நாளே டயாலிசிஸ் செய்திருக்க வேண்டும். தவறிவிட்டது. செய்தி தெரிந்ததும் சின்னக்கண்ணுவின் ஒரே மகன் விக்ரம், பிள்ளைச்சாவடி மீனவர்கள் இரண்டு பேரையும் அவர்கள் ஃபைபர் படகையும் கூட்டி வந்துவிட்டான். படகின் கயிற்றைப் பிடித்து இழுத்தபடி அவனே தண்ணீரில் முன்னால் நடந்தான்.

அந்த முனை மாடியில் தேவதாஸ் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்தில் குரல் எட்டவில்லை.

"சீக்கிரம் வரச் சொல்றாருப்பா, இழு இழு!" என்றார் படகிலிருந்தவர்.

குஞ்சம்மாள் புருஷன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யோவ், அங்க பாருய்யா! இன்னாமோ கை காட்டறாரு."

சின்னக்கண்ணு திரும்பவில்லை.

"போறது உன் புள்ளய்யா!"

திரும்பினார். தேவதாஸின் கைகள் தலைக்கு மேல் குறுக்காகச் சேர்ந்து, வெட்டினாற்போல் விரிந்தன. தறியை நிறுத்து என்ற சைகை. அடுத்து உள்ளங்கை கவிழ்ந்து கீழே குத்தியது. அடியில் நூல் அறுந்துவிட்டது.

"டேய் விக்ரம், நில்லுடா! அடியில பாலம் போயிடுச்சு!"

காது கேளாதவர் குரல், மழையைக் கிழித்துக்கொண்டு போனது. விக்ரம் அப்படியே நின்றான். மீனவர் அவனுக்கு முன்னால் கழியை விட்டுப் பார்த்தார். இரண்டு எட்டு தள்ளி, வாய்க்கால் பாலம் இருந்த இடத்தில், ஆள் உயரக் கழி முழுசாக உள்ளே போனது. தரை தட்டவில்லை.

தேவதாஸ் சைகையில் சொல்லச் சொல்ல, சின்னக்கண்ணு வாயால் கத்தினார். படகு பின்சந்து வழியாகச் சுற்றிப் போய் ஆயம்மாவை ஏற்றிக்கொண்டு திரும்பியது. பதினொரு வருடத்து வீம்புக்குப் பிறகும் தேவதாஸின் கை பழைய பாஷையை மறக்கவில்லையே என்று அவர் மலைத்து நின்றார்.

தண்ணீர் வடிய நான்கு நாள் ஆனது. வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. தெரு முழுக்க ஊறிப்போன மெத்தைகளும் பிளீச்சிங் பவுடர் நாற்றமும். இடிந்த பாலத்தைச் சுற்றிச் சவுக்குக் கழி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு நாள் காலையில் தேவதாஸ் வந்து நின்றார். ஆயம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியாயிற்று.

தண்ணீர் இறைக்கிற டீசல் மோட்டார் நடுவில் கத்திக்கொண்டிருந்தது. தேவதாஸ் கட்டைவிரலால் கீழுதட்டை இரண்டு தரம் தட்டினார்.

சின்னக்கண்ணுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைப்பத்தைக் கீழே போட்டார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காகச் சேர்த்து, வெட்டி விரித்தார்.

பின்னால் சேறு அள்ளிக்கொண்டிருந்த விக்ரம் அதைப் பார்த்ததும் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றுவிட்டான்.

"ஒன்னுமில்லடா," என்றாள் குஞ்சம்மாள். "உங்க நைனா தறிய நிறுத்திட்டு டீக்குப் போறாரு."